தம்பியோட காலேஜ் எஸ்ஸே, கடைசி பத்தியில "கற்றுக்கொண்ட பாடம்" வேணுமா வேண்டாமா?

கேள்வி: நிலாப்பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். தம்பி இந்த வருஷம் அமெரிக்க காலேஜுக்கு காமன் ஆப்ல (நிறைய காலேஜுக்கு ஒரே ஃபார்ம்ல அப்ளை பண்ற ஆன்லைன் தளம்) அப்ளை பண்றான். எட்டாவதுல இங்க வந்தவன், அவன் ஆக்சென்ட்டை கேட்டு பசங்க சிரிச்சதுல ஒரு வருஷம் கிளாஸ்ல வாயே திறக்கல, அப்புறம் என்ன தோணுச்சோ டிபேட் டீம்ல போய் சேர்ந்து தோத்து தோத்து இப்போ கேப்டனாவும் ஆயிட்டான். அப்ளிகேஷனோட அனுப்பற எஸ்ஸேல இதைத்தான் எழுதிருக்கான். முடிவுல "என் கலாச்சாரம் எனக்குப் பெருமை, விடாமுயற்சி வெற்றி தரும் என்று கற்றுக்கொண்டேன்"னு ஒரு பத்தி. ஸ்கூல் கவுன்சிலர் (காலேஜ் அப்ளிகேஷனுக்கு வழிகாட்டறவங்க) படிச்சிட்டு "நல்லாருக்கு, ஆனா இதை யார் வேணா எழுதிருக்கலாம்"னு சொல்லிட்டாங்க. 650 வார்த்தைதான் லிமிட், அந்தப் பத்தியை தூக்கிடலாமா?

பதில் 1: காகிதக்கப்பல்

தூக்கிடுங்க சிஸ்டர், யோசிக்கவே வேண்டாம். ஆனா அதோட பிரச்சனை தீராது. கலாச்சாரம் ஒரு பக்கம், விடாமுயற்சி ஒரு பக்கம்னு தனித்தனியா நிக்குது பாருங்க, அதான் கோளாறு. அவன் விடாம முயற்சி பண்ணது எதுக்கு? ஆக்சென்ட்டை மாத்திக்கவா, இல்ல அதே ஆக்சென்ட்டோட மேடையில நிக்கவா? ரெண்டும் ஒரே உழைப்புதான், ஆனா கதை வேற. முதல்ல அவன்கிட்ட இதைக் கேளுங்க. தோத்த ரவுண்டுக்கு அப்புறம் அடுத்த ரவுண்டுல என்ன மாத்தினான்னும் கேளுங்க, "கடுமையா உழைச்சேன்"னு சொன்னா விடாதீங்க 😄

பதில் 2: பழைய பேனா

மேல சொன்னதுக்கு சட்டத்துலயே ஒரு காரணம் இருக்கு. 2023 ஜூன்ல ஹார்வர்ட் வழக்குல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அட்மிஷன்ல இனத்தை வச்சு முன்னுரிமை குடுக்கறதை நிறுத்துச்சு இல்லையா, அதே தீர்ப்புலயே இனம் தன் வாழ்க்கையை எப்படி பாதிச்சதுன்னு மாணவர் எழுதினா காலேஜ் அதைப் பார்க்கலாம், ஆனா அது அந்த ஆளோட தைரியம், மன உறுதியோட சேர்ந்து வரணும்னு இருக்கு. அதனால "நான் இன்னார்"னு மட்டும் எழுதினா பத்தாது, "அதனால நான் என்ன செஞ்சேன்"தான் எடுபடும். இந்தத் தீர்ப்புக்கு அப்புறம் நிறைய காலேஜ் பின்னணி, அனுபவம் பத்தி தனியாவே சப்ளிமென்ட் எஸ்ஸே (அந்தந்த காலேஜ் கூடுதலா கேக்கற சின்ன எஸ்ஸே) கேக்குது, அதனால மெயின் எஸ்ஸேல எல்லாத்தையும் திணிக்க வேண்டாம். குடும்பக் கஷ்டம் ஏதாவது இருந்தா அதுக்கும் காமன் ஆப்ல தனியா 250 வார்த்தை இடம் இருக்கு, அங்க நேரடியா சொல்லிட்டா போதும்.

பதில் 3: சுண்டெலி

நான் கொஞ்சம் மாறுபடறேன். பாடமே சொல்லாம விட்டா "புரியறவனுக்குப் புரியும்"னு ஒரு பந்தா வந்துடும், அதுவும் எரிச்சல்தான். அட்மிஷன் ஆபீஸ்ல படிக்கறவங்க கையில எஸ்ஸே கட்டுக்கட்டா இருக்கும், நிதானமா உக்காந்து ஆராய்ச்சி பண்ணமாட்டாங்க. ஒரு வரி வரட்டும், ஆனா அவன் வாயில இருந்து மட்டும்தான் வரக்கூடிய வரியா இருக்கணும். இன்னொண்ணு, வலியை விக்கணும்னு கட்டாயம் இல்ல. சிரிச்ச பசங்களுக்கு ரெண்டு வாக்கியம் போதும், எஸ்ஸே அவனைப் பத்தினது.

நிலாப்பொண்ணு

கேட்டுட்டேன்! முதல்ல ஆக்சென்ட்டைத்தான் மாத்தப் பாத்தானாம். டிபேட்ல எல்லாரும் படபடன்னு வேகமா பேசுவாங்க, இவனும் அப்படியே பேசினா ஒண்ணும் புரியலைன்னு ஜட்ஜ் பேலட்ல (ரவுண்டு முடிஞ்சதும் ஜட்ஜ் தீர்ப்பும் கருத்தும் எழுதற தாள்) எழுதிட்டாங்களாம். அப்புறம் பாயிண்ட்டைக் குறைச்சு, மெதுவா, தன் குரல்லயே பேச ஆரம்பிச்சிருக்கான். ஆனா "பெருமையாலாம் இல்லக்கா, இப்பவும் போன்ல ஆர்டர் பண்ணும்போது ஆக்சென்ட் தானா மாறிடுது"ங்கறான். இது எஸ்ஸேவைக் கெடுத்துடாதா?

காகிதக்கப்பல்

ஐயோ, அதான் எஸ்ஸேவே! கவுன்சிலர் கேட்டது இதைத்தான். பெருமைன்னு எழுதினது பொய், போன் விஷயம் நிஜம். பேலட்ல ஆரம்பிக்கச் சொல்லுங்க, போன் வரியை நடுவுல எங்கயாவது வைக்கட்டும். கேப்டன் ஆனதெல்லாம் அப்ளிகேஷன்ல இருக்கற ஆக்டிவிட்டி லிஸ்ட்லயே வந்துடும், இங்க இழுக்க வேண்டாம்.

சுண்டெலி

+1. அப்புறம் சிஸ்டர், நீங்க திருத்தாதீங்க ப்ளீஸ், ஸ்பெல்லிங் மட்டும் பாருங்க. உங்க நடை வேற, அவன் நடை வேற. எர்லி அப்ளிகேஷனுக்கு (முன்கூட்டியே அப்ளை பண்றதுக்கு) நிறைய இடத்துல கடைசி தேதி நவம்பர் 1, அதுக்குள்ள அவனையே ரெண்டு தடவை முழுசா திருப்பி எழுத விடுங்க.