மறு: ‘நீராவி வாயுவாக்கம்’ என்று சொல்லலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

மரச் சிராயை உயர் சூட்டில் நீராவியோடு வினைபுரியவிட்டு எரிவாயுவாக மாற்றும் முறைக்கு (steam gasification) மன்னார்குடித் தம்பி சொன்ன ‘நீராவி வாயுவாக்கம்’ நாக்குக்கு இதமாக இருக்கிறது; பொருள்தான் இடறுகிறது. படிப்பவர் நீராவியை வாயுவாக்குவதாக நினைத்துக்கொள்வார். வாயுவாவது சவுக்குச் சிராய். ‘நீராவிவழி’ என்றாலும் எனக்கு நிறைவில்லை. நீராவி இங்கே வெறும் வழியன்று, வினைபடு பொருள். 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில், சிராய் கருகிய கரியோடு நீராவி வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் தருகிறது. அந்த மோனாக்சைடு மீண்டும் நீராவியோடு சேர்ந்து இன்னும் ஹைட்ரஜன் தருகிறது. இரண்டு படியும் முழுமையாக நடந்தால் ஒரு கார்பன் அணுவுக்கு இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகள். இரண்டுமே தண்ணீர் கொடுத்தவை! ஆகவே ‘நீராவியூட்டு வாயுவாக்கம்’ என்பது என் முன்மொழிவு. காற்றை ஊட்டும் முறைக்குக் ‘காற்றூட்டு வாயுவாக்கம்’ என்று இணைச்சொல்லும் கிடைத்துவிடும். அதில் வரும் வாயுவில் ஏறக்குறைய பாதி நைட்ரஜன்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கரி பஸ் ஓடியது இந்த இனத்து வாயுவில். நீராவி முறையிலோ, ஈரம் நீக்கிக் கணக்கிட்ட வாயுவில் ஹைட்ரஜன் மட்டுமே நாற்பது விழுக்காட்டை எட்டும்.

‘தூய வாயு’ என்று பொதுவாக எழுதுவதையும் விட்டுவிடலாம். இங்கே தொல்லை, மரத்திலிருந்து வாயுவோடு சேர்ந்து வரும் கீல் (tar). வாயு குளிரும்போது குழாயின் உட்புறத்தில் கறுத்த பிசினாகப் படிந்து, வால்வை அடைத்து, எஞ்சினை நிறுத்திவிடும். டோலமைட் என்ற கனிமக் கல்லோ நிக்கல் வினையூக்கியோ வைத்து அதைச் சிதைக்கிறார்கள். எனவே ‘கீல் நீக்கிய வாயு’ என்றே எழுதுவோம். ‘தார்’ என்றால் சாலைதான் கண்முன் வருகிறது. தோணிக்குப் பூசும் கீல் நாகப்பட்டினத்துக்காரருக்குத் தெரியாததா? ‘ஹைட்ரஜன்’ என்ற சொல்லை மட்டும் யாரும் தொடவேண்டாம். பள்ளிப் பாடநூலில் நிலைத்த சொல்லை மாற்றப்போனால் இந்த இழை பொங்கல் வரை நீளும்.

இன்னொரு சிக்கல். கரியும் நீராவியும் சேரும் வினை வெப்பத்தை விழுங்குவது. அந்த வெப்பத்தைத் தர, எஞ்சிய கரியைத் தனி அறையில் எரித்து, அங்கே சூடேறிய மணலை உலைக்குள் சுழலவிடுகிறார்கள். ஆஸ்திரியாவின் கூஸிங் ஆலை இயங்கியது இப்படித்தான். வாயு ஊதப்பட்டுக் கொதிநீர்போல் குமிழும் அந்த மணலுக்குப் ‘பாய்மப் படுகை’ (fluidized bed) என்று தம்பி எழுதியிருக்கிறார். நம் பக்கத்தில் படுகை என்றால் ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே வாழை போடும் நிலம். ‘குமிழ்மணல் அடுக்கு’ பொருந்துமா? திருச்சி நண்பர்கள் கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
திருவையாற்றிலிருந்து