குளிர்கடலில் ஏழு செவுள் சுறாவைக் காண இயலுமா?

ஈரோடு வாசகர்:
வணக்கம். பவானி ஆற்றில் நீந்தப் பழகி, புதுச்சேரியில் ஸ்கூபா பயிற்சி முடித்தவன் நான். கேப் டவுன் அருகே ஃபால்ஸ் விரிகுடாவில் ஏழு செவுள் சுறாவைக் காண வேண்டும் என்பது நெடுநாள் ஆவல். அந்தக் குளிருக்கு எவ்வாறு ஆயத்தமாவது?

கோவை வாசகர்:
பெரும்பாலான சுறாக்களுக்கு ஐந்து செவுள் பிளவுகளே உண்டு. இதற்கு ஏழு, முதுகுத் துடுப்போ ஒன்றுதான். 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள உடை, தலையுறை, கையுறை மூன்றும் அவசியம். தடித்த உடை மிதக்கச் செய்யும் என்பதால் இடுப்பில் கூடுதல் ஈய எடை கட்ட வேண்டும். எனக்குத் தலையுறை சற்றுத் தளர்ந்திருந்ததால், பிடரியில் வழிந்த நீர் பனிக்கட்டியை வைத்து அழுத்தியது போலிருந்தது. ஒன்றை வருத்தத்தோடு சொல்கிறேன்: 2015 முதல் ஓர்க்காக்கள் எனப்படும் கொலைகாரத் திமிங்கிலங்கள் இச்சுறாக்களைக் கொன்று ஈரலைத் தின்னத் தொடங்கியபின், அவ்விரிகுடாவின் மில்லர்ஸ் பாயிண்ட் என்னுமிடத்தில் கூட்டமாகத் திரிந்தவை அவ்விடத்தை விட்டகன்றன. ஆகவே கட்டாயம் காணலாம் என்று எண்ணிச் செல்லாதீர்கள்.

பொள்ளாச்சி வாசகர்:
ஏழு செவுள் சுறா தென்படாவிட்டாலும், கெல்ப் என்னும் பெரிய கடற்பாசிகள் அடர்ந்த காட்டின் அடியில் பொறுமையாகத் தேடுங்கள், ஐயா. அக்கடலோரத்துக்கே உரிய நாணச் சுறா, அச்சமுற்றால் வாலை வளைத்து அதனால் கண்களை மறைத்துக்கொண்டு வளையமாகச் சுருண்டுவிடும். அதைத் தொடாமல் விலகி நின்று பார்ப்பதே முறை. கடைசி முழுக்குக்குப்பின் 18 மணி நேரமாவது கழித்தே விமானம் ஏறுங்கள்.