தண்ணீர் தாலுகா பார்த்துப் பாய்வதில்லை

மாவட்டச் சராசரியை வைத்து நெல் மகசூல் வரைபடம் போட்டால் ஊருக்கு ஊர் இருக்கும் வித்தியாசம் அதில் தெரியாது. கடலூர்ப் பக்கம் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

பண்ருட்டி செம்மண் பூமி, முந்திரியும் பலாவும்தான் அங்கே பிரதானம். விருத்தாசலம், திட்டக்குடி பக்கம் மக்காச்சோளம், பருத்தி, கரும்பு எல்லாம் கலந்து வரும். நெல்லுக்குக் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம். இதைச் சொல்ல வரைபடமே வேண்டாம், பேருந்து ஜன்னல் போதும். ஆனால் காட்டுமன்னார்கோயிலுக்கு உள்ளேயே மகசூல் ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

சம்பா பருவத்தில் வானம் மூடியே கிடப்பதால் சாதாரண செயற்கைக்கோள் படம் உதவாது. மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்களை எடுத்துக்கொண்டோம். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் அதில் கருப்பாகத் தெரியும், பயிர் வளர வளர வெளுக்கும். எந்த வயல் எப்போது நடப்பட்டது என்பது இப்படிப் பிடிபடும். தண்ணீர் கட்டாமல் காய்ந்த நிலத்திலேயே விதைக்கும் புழுதி விதைப்பு வயலில் மட்டும் அந்தக் கருமை சரியாக விழாது, அங்கே நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

அப்படிப் போன இடத்தில் ஒரு பெரியவரிடம் கிராமவாரியாக நிறம் கொடுத்த அச்சுப் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, ஊரு ஊரா கலர் அடிச்சிருக்கீங்க. தண்ணி ஊரு பாத்தா பாயுது? எங்க வாய்க்கால் எந்த மதகுல பிரியுதுன்னு பாருங்க" என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. கொள்ளிடத்தின் கீழணையில் பிரியும் வடவாறு வீராணம் ஏரியை நிரப்புகிறது, ஏரியின் மதகுகளிலிருந்து வாய்க்கால்கள் கிளம்புகின்றன. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் அந்த வாய்க்கால்களை ஓர் அடுக்காக ஏற்றியதும் சிதறிக் கிடந்த நிறங்களுக்கு ஒரு வரிசை கிடைத்தது. வாய்க்காலின் தொடக்கத்தில், அதாவது தலைமடையில், நடவு முந்துகிறது. வாய்க்கால் முடியும் கடைமடைக்குத் தண்ணீர் தாமதமாகப் போவதால் அங்கே நடவும் பிந்துகிறது, ஐப்பசி, கார்த்திகை மழையில் இளம்பயிர் மூழ்குகிறது. ஒரே மண், ஒரே ரகம் என்றாலும் மகசூல் வேறு. இதைச் சராசரி எண்ணுக்குள் புதைத்துவிட்டால் அடிபடுவது கடைமடை விவசாயிதான். எனக்கு இதில் உண்மையான ஆதங்கம் உண்டு.

புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரில் சிக்கல் இன்னும் கூடுதல். புதுச்சேரி ஊர்களும் கடலூர் ஊர்களும் அங்கே பின்னிக் கிடக்கின்றன. பாகூர் ஏரிக்குத் தண்ணீர் தமிழ்நாட்டில் இருக்கும் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. நம் புள்ளிவிவரமோ மாநில எல்லையில் நின்றுவிடுகிறது. புதுச்சேரிப் பக்க நிலப் பதிவு ஹெக்டேர், ஆர், சென்டியார் என்ற மெட்ரிக் கணக்கில் இருக்கும், விவசாயியோ காணி என்ற பழைய நில அளவில், காணிக்கு எத்தனை மூட்டை என்று சொல்வார். மூட்டையின் எடையையும் கேட்டு எழுதிக்கொள்ளாவிட்டால் அந்த எண்ணை ஒப்பிடவே முடியாது.

பாகூர் ஏரிப் பாசனத்தில் மதகுவாரியாக நடவுத் தேதி குறித்து வைத்திருப்பவர்கள் இருந்தால் இங்கே எழுதுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே படத்தில் சேர்க்க அதுதான் இப்போது தேவை.