தணிக்கையை என்ன செய்ய? ஒரு வினைச்சொல் வேண்டும், சனிக்கிழமைக்குள்

மதுரை, செவ்வாய் இரவு

வணக்கம். சனிக்கிழமை கல்லூரி மாணவர்களுக்கு ஸ்நோஃபிளேக் பட்டறை. கையேடு தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்நோஃபிளேக் என்பது உலாவியில் போடும் ஒரு சிறு நீட்சி. அதைப் போட்டுவிட்டால் போதும், டோர் (யார் என்று தெரியாமல் இணையத்தைப் பார்க்க உதவும் வலையமைப்பு) அடைக்கப்பட்ட நாட்டில் இருப்பவர் நம் உலாவி வழியாக டோருக்குள் நுழைந்துவிடலாம். தடுப்பவர்களுக்கு அது வீடியோ கால் போலத்தான் தெரியும். 2022 செப்டம்பரில் மாசா அமினி இறந்த பிறகு ஈரானில் இன்ஸ்டாகிராமையும் வாட்ஸப்பையும் முடக்கினார்களே, அப்போது போட்டது, இன்னும் எடுக்கவில்லை. யாராவது நுழைந்தால் மூலையில் இருக்கும் சின்னம் பச்சையாகும். அதை அமுக்கினால், கடந்த 24 மணி நேரத்தில் இத்தனை பேர் தணிக்கையை ______ உதவினீர்கள் என்று வரும். அந்தக் கோடிட்ட இடத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். முதலில் 'மீற' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மாணவி, "அப்போ இது குற்றமா அக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

கோவை, புதன் காலை

மீறலில் என்ன இழிவு அம்மா? 1930 ஏப்ரலில் ராஜாஜியோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள் உப்புச் சட்டத்தை மீறத்தான் போனார்கள். 'மீற' என்றே இருக்கட்டும். மாற்ற வேண்டியது 'தணிக்கை'. அது 'தணி'யிலிருந்து வந்ததாக எல்லோரும் நினைக்கிறோம். தெலுங்கில் தனிகீ என்றால் சோதனை, கன்னடத்தில் தனிகெ என்றால் விசாரணை, எல்லாம் அரபியின் தன்கீஹ். போதாக்குறைக்கு இங்கே கணக்குப் பார்ப்பதும் தணிக்கை. 'இணையத் தணிக்கை' என்றால் ஆடிட்டர் வருகிறார் என்று நினைப்பார்கள். 'இணையத் தடுப்பு' என்று போடுங்கள்.

யாழ்ப்பாணம், புதன்

எங்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. கணக்குப் பார்ப்பது கணக்காய்வு, தணிக்கை என்றால் தணிக்கைதான். பத்திரிகைகள் அதோடு பல வருஷம் வாழ்ந்திருக்கின்றன, அந்தச் சொல்லை எடுத்துவிடாதீர்கள். 2022 ஏப்ரல் 3 அன்று இங்கே பேஸ்புக், வாட்ஸப் எல்லாம் நின்றபோது சனம் ஒரு வினைச்சொல்லும் தேடவில்லை. "விபிஎன் போடு" என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொடுத்தது, அவ்வளவுதான். ஈரானியர்கள் இப்படியான கருவியை ஃபில்டர் ஷெகன் என்கிறார்கள், வடிகட்டியை உடைப்பது. சீனர்கள் செய்வதற்குப் பெயர் ஃபான்சியாங், சுவரேறித் தாண்டுவது. இரண்டும் சந்தைப் பேச்சில் பிறந்த சொற்கள். நாங்கள் மட்டும் ஏன் நிகண்டுக்குள் தேடுகிறோம்?

தஞ்சாவூர், புதன் இரவு

நிகண்டுக்குப் போக வேண்டாம், சிலம்புக்கு வாருங்கள். ஊர்காண் காதையில் கோவலன் மதுரைக்குள் எப்படிப் போகிறான்? யானைகள் போகும் சுருங்கை (நிலத்தடி வழி) வீதியை ஒட்டிப் போய், 'அடல்வாள் யவனர்க்கு அயிராது புக்கு'. கோட்டை வாயிலில் வாளோடு நிற்கிற யவனக் காவலருக்கு ஐயம் வராதபடி நுழைகிறான். வீடியோ கால் போலத் தெரிகிறது என்றீர்களே, அதுதான் அயிராது புகுதல். கருவிக்குச் 'சுருங்கை', வினைக்கு 'அயிராது புக'. சுருங்கு என்ற வேரிலிருந்து வந்தது, குறுகலான வழி.

சென்னை, வியாழன்

ஐயா, சுருங்கை வடமொழி சுருங்கா. அர்த்தசாஸ்திரத்திலேயே இருக்கிறது, அதற்கு மூலம் கிரேக்கத்தின் சிரிங்க்ஸ் என்பார்கள். காவலுக்கு நின்ற யவனரின், அதாவது கிரேக்கரின், சொல்லையே யவனரை ஏமாற்றப் பயன்படுத்தச் சொல்கிறீர்கள்! சரி, அது இருக்கட்டும். நான் மென்பொருள் மொழிபெயர்க்கிறவன். பொத்தானில் 'அயிராது' என்று போட்டால் அயிரை மீனா என்று கேட்பார்கள். 'புறவழி' போதாதா? புறவழிச்சாலை எந்த ஊர்க்காரருக்கும் தெரியும்.

மதுரை, வியாழன் இரவு

புறவழியை மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். உடனே புரிந்தது, ஆனால் வினையாக வரமாட்டேன் என்கிறது. "தணிக்கையைப் புறவழிக்க" என்று எப்படி எழுதுவது? அப்புறம், கோவை ஐயாவுக்கு ஒன்று. வேதாரண்யத்தில் உப்பு அள்ளியவர்கள் காவலர் கண் முன்னால் அள்ளினார்கள், பிடித்துப்போகட்டும் என்று. தெஹ்ரானில் இருக்கும் பெண் யார் கண்ணிலும் படக்கூடாது. அவளுக்குச் செய்தி படிக்க வேண்டும், அம்மாவுக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும். அதற்கு 'மீறல்' என்று பெயர் வைத்தால், தடுத்தவர்கள் வைத்த பெயரை நாமே ஒத்துக்கொண்டதாகிவிடும். தவறு அடைத்தவர்களுடையது. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

யாழ்ப்பாணம், வெள்ளி

அப்படியென்றால் 'தாண்ட'. சீனரின் சுவரும் அதற்குள் வந்துவிடும்.

சென்னை, வெள்ளி

எனக்கும் 'தாண்ட' சரி. சுற்றிப் போவதற்கும் தாண்டுவதற்கும் வேறுபாடு உண்டுதான், ஆனால் நாளைக்கு அச்சு.

கோவை, வெள்ளி

'மீற' தான் நேர்மையான சொல். பெரும்பான்மைக்குக் குறுக்கே நிற்கவில்லை. 'தணிக்கை' பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

மதுரை, வெள்ளி இரவு

"இத்தனை பேர் தணிக்கையைத் தாண்ட உதவினீர்கள்." இப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். 'ஸ்நோஃபிளேக்' பெயர்ச்சொல், அதைத் தொடவில்லை. ஆலங்கட்டி என்று யாரும் தொடங்க வேண்டாம்.

தஞ்சாவூர், வெள்ளி நள்ளிரவு

நல்லது அம்மா, பட்டறை நன்றாக நடக்கட்டும். ஆனால் சுவரைத் தாண்டுகிறவனைக் காவலன் பார்த்துவிடுவான். கோவலன் தாண்டவில்லை, வாயில் வழியாகத்தான் போனான். இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடி கேட்பேன்.