பொய் பார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்த நாள்

லீவில் அம்பாசமுத்திரம் வந்திருக்கிறேன். தங்கச்சி மகன் போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறான். ஆற்றுக்குக் குளிக்கப் போகிற வழியில், "மாமா, அமெரிக்காவுல போலீஸ் வேலைக்குப் பொய் கண்டுபிடிக்கிற மெஷின்ல உட்கார வைப்பாங்களாமே, உங்களையும் வச்சாங்களா?" என்று கேட்டான். அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

டெக்சாஸில் ஒரு நகரக் காவல் துறைக்கு விண்ணப்பித்திருந்தேன். தனியார் கம்பெனிகள் பெரும்பாலும் இந்தச் சோதனையை வைக்கக் கூடாது என்று அங்கே 1988-ல் சட்டம் வந்தது. அரசாங்க வேலைக்கு அந்தத் தடை இல்லை. அதனால் பல ஊர்க் காவல் துறைகளில் பாலிகிராஃப் என்கிற இந்தச் சோதனையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

மெஷினை மாட்டுவதற்கு முன்பே ஒன்றரை மணி நேரம் பேச்சுதான். சோதனை எடுப்பவர், கேட்கப்போகிற கேள்விகளை முதலிலேயே வாசித்துக் காட்டினார். "வேலை பார்த்த இடத்தில் எதையாவது திருடியது உண்டா?" என்று ஒன்று. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் பெரியப்பாவின் பலசரக்குக் கடைக் கல்லாப்பெட்டி கண்ணுக்குள் வந்தது. பிளஸ் டூ லீவில் அங்கே பொட்டலம் மடித்தேன். பெட்டியின் மரத்தட்டைத் தூக்கினால் அடியில் பத்து ரூபாய் நோட்டுகள் மிளகாய் வற்றல் நெடியோடு கிடக்கும். நாலைந்து தடவை எடுத்திருக்கிறேன். பெரியப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் சொன்னேன். எத்தனை தடவை, எவ்வளவு, அப்போது என்ன வயசு என்று குறித்துக்கொண்டு கேள்வியைத் திருத்தினார்: "என்னிடம் சொன்னதைத் தவிர வேறு ஏதாவது?"

அப்புறம்தான் மாட்டினார். நெஞ்சிலும் வயிற்றிலும் சுருள் குழாய், கையில் பிரஷர் பட்டை, விரல் நுனியில் வியர்வை பார்க்கிற தகடு. ஆமாம், இல்லை தவிர வேறு பேச்சு கூடாது. ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் நடுவே இருபது விநாடிக்கு மேல் மௌனம். அதே கேள்விகள் மூன்று சுற்று. பட்டை இறுகி விரல் மரத்துப்போனது.

திருட்டுக் கேள்வியில் ஒன்றுமில்லை என்றார். போதைப்பொருள் கேள்வியில்தான் கோடு எகிறியதாம். பீடிகூடத் தொடாதவன் நான். 'முடிவு தெளிவில்லை' என்று அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அந்த மெஷினுக்குப் பொய் தெரியாது. மூச்சும் ரத்த அழுத்தமும் வியர்வையும்தான் தெரியும். பயந்தாலும் கோபப்பட்டாலும் கோடு எகிறத்தான் செய்யும். அரசு ஊழியர்களைச் சலித்தெடுக்க இதை நம்பும் அளவுக்குத் துல்லியம் போதாது என்று அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலே 2003-ல் எழுதியிருக்கிறது. ஒரு மாதம் கழித்து வேறொருவரை வைத்து மறுபடி எடுத்தார்கள். தேறினேன். இந்தத் தடவை ஊருக்கு வந்த அன்றைக்கே பெரியம்மாவிடம் கல்லாப்பெட்டி விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

* * *

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியது:

அண்ணாச்சி, நம்ம ஊரில் போலீஸ் வேலைக்கு அந்த நாற்காலி கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவரைக்கூடக் கட்டாயப்படுத்தி அதில் உட்கார வைக்கக் கூடாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்களுக்கு எழுத்துத் தேர்வு, 7 நிமிஷத்துக்குள் 1500 மீட்டர் ஓட்டம், கயிறு ஏறுதல். அதெல்லாம் தாண்டி, பழைய வழக்கு விவகாரம் ஏதாவது உண்டா என்று கேட்டு வருகிற வெரிஃபிகேஷன் படிவத்தில்தான் எனக்குக் கை நடுங்கியது. கோவில் கொடையில் நடந்த தள்ளுமுள்ளில் என் பெயரும் ஒரு புகார் மனுவில் இருந்தது. வழக்காகவில்லை, ஸ்டேஷனிலேயே பேசி முடித்தாச்சு. எழுதாதே என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் எழுதினேன். எழுதியதை விசாரிக்க போலீஸ் தனிப்பிரிவு ஏட்டையா வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அந்த வரியில் விரலை வைத்து, "இது என்னம்மா?" என்று அம்மாவிடம் கேட்டார். பந்தல் எந்தப் பக்கம் போட்டிருந்தது என்பது வரைக்கும் அம்மா சொன்னாள். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்த சீட்டில் அந்த மனு ரசீது நம்பர் ஏற்கெனவே எழுதியிருந்தது.