டம்ளரில் எழுத்து திட்டுத் திட்டாக வருகிறது, மக்கில் வரவே இல்லை. என்ன தப்பு செய்கிறேன்?

ரங்கூன்காரி:
வணக்கம். தை பிறந்ததும் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். தாம்பூலத்தோடு கொடுக்க 24 கண்ணாடி டம்ளர், நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும் 6 வெள்ளைப் பீங்கான் மக் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் தமிழில் ‘மங்கலம்’, மறுபக்கம் பர்மா எழுத்தில் ‘மிங்கலா’. மாப்பிள்ளை வீட்டில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதுதான் இரண்டும்.

கண்ணாடியை அரிக்கிற க்ரீமை சின்னம்மா மகன் பாங்காக்கிலிருந்து கொண்டுவந்தான். ஒரே ஒரு புட்டி. ஸ்டிக்கர் ஷீட்டில் எழுத்தைக் கத்தியால் வெட்டி எடுத்து டம்ளரில் ஒட்டி, மேலே க்ரீம் தடவி, புட்டியில் போட்டிருந்தபடி 1 நிமிடம் வைத்துக் கழுவினேன்.

முதல் டம்ளரில் கழுவியதும் ஒன்றுமே தெரியவில்லை. கோபத்தில் ஸ்டிக்கரை உரித்துப் போட்டேன். அரை மணி கழித்துப் பார்த்தால் வெளிறிப்போய் எழுத்து இருக்கிறது! இரண்டாவது திட்டுத் திட்டு, நடுவில் மெல்லிய கோடு கோடாக வெறும் கண்ணாடி. மூன்றாவதில் ஓரமெல்லாம் கசிந்து எழுத்துக்கு மீசை முளைத்துவிட்டது. நாலாவது ஓரளவு சரி, ஆனால் புள்ளி இரண்டும் விழவில்லை. ‘மஙகலம’ என்று நிற்கிறது. மக்கில் எதுவுமே பிடிக்கவில்லை. இன்னும் 20 டம்ளர் பாக்கி. யாராவது கை கொடுங்கள்.

சிரியம் அக்கா:
தங்கச்சி, முதல் டம்ளர் கெட்டுப் போகலை, நீங்கதான் அவசரப்பட்டுட்டீங்க. அரிச்ச கண்ணாடி ஈரமா இருந்தா எழுத்தே தெரியாது. பொடிப் பொடிப் பள்ளத்தையெல்லாம் தண்ணி நிரப்பிடும், வெளிச்சம் சிதறாம நேரா போயிடும். காஞ்சாதான் வெள்ளையா எழும்பும். அதனால கழுவினதும் உரிக்காதீங்க, ஒட்டினபடியே காய வச்சுப் பாருங்க. வெளிறி இருந்தா மேலேயே இன்னொரு தடவை தடவலாம். உரிச்சுட்டா அவ்வளவுதான், திரும்ப அதே இடத்துல மயிரிழை பிசகாம ஒட்ட யாராலயும் ஆகாது.

ரெண்டாவது டம்ளர்ல அந்தக் கோடு நேர்க்கோடா, வளைஞ்சு வளைஞ்சா? ஒட்டறதுக்கு முன்னாடி எதுல கழுவினீங்க?

ரங்கூன்காரி:
பாத்திரம் கழுவும் சோப்பு. துடைத்தது அடுப்படித் துண்டு. கோடு... அக்கா, இப்போது ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். என் கட்டைவிரல் ரேகை! சுழி முதற்கொண்டு அப்படியே இருக்கிறது. அன்று காலையில்தான் பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

சிரியம் அக்கா:
அப்ப விஷயம் முடிஞ்சது. எண்ணெய் பட்ட இடத்துல க்ரீம் ஏறாது. சில சோப்புல கை மிருதுவா இருக்கறதுக்குன்னு எதையோ கலக்கறான், அதுவும் கண்ணாடியில படலமா நிக்கும். டம்ளரைக் கழுவிக் காய வச்சு, பஞ்சுல ஸ்பிரிட் நனைச்சுத் துடைங்க. அதுக்கப்புறம் விளிம்பையும் அடியையும்தான் பிடிக்கணும்.

1 நிமிஷம் பத்தலைன்னு எனக்குத் தோணுது. நான் 5 நிமிஷம் வைப்பேன். அதுக்கு மேல வச்சாலும் பெருசா ஆழம் கூடறதில்லை. தடவறப்ப கஞ்சத்தனம் வேண்டாம், ஊத்தப்ப மாவு கனத்துக்கு இருக்கணும். மெல்லிசா இழுத்தா பிரஷ் போன தடம்தான் திட்டா விழும். விடியக்காலைல உட்கார்றீங்களா? மார்கழிக் குளிர்ல க்ரீம் மந்தமாயிடும். மூடின புட்டியை வெதுவெதுன்னு இருக்கற தண்ணில 10 நிமிஷம் நிறுத்துங்க. அடியில சர்க்கரை மாதிரி நறநறன்னு இருந்தா அதுவும் கரையும். அடுப்புல மட்டும் வச்சுடாதீங்க.

புள்ளி விழாததுக்குக் காரணம் காத்துக் குமிழ். குட்டி ஓட்டைக்குள்ள காத்து மாட்டிக்கும், க்ரீம் கண்ணாடியைத் தொடவே தொடாது. முதல்ல புள்ளிகளை மட்டும் முனை வெட்டின பிரஷ்ஷால குத்திக் குத்தி நிரப்பிட்டு அப்புறம் மத்ததைப் பூசுங்க. தமிழுக்கு இந்த வேலை எப்பவும் உண்டு.

மீசை முளைக்கறது டம்ளர் வடிவத்தால. கீழ சிறுத்து மேல அகன்ற டம்ளர்ல தட்டையான ஷீட் சுருங்கத்தான் செய்யும். ஷீட்டைச் சின்னதா நறுக்கி, எழுத்து இல்லாத ஓரத்துல கத்தரியால நாலு கீறல் போட்டு, நடுவுல இருந்து வெளியே தேய்ச்சு ஒட்டுங்க. எழுத்து ஓரம் பூராவும் நகத்தால அழுத்தணும். பர்மா எழுத்து முழுக்க வளைவு, அதுல இன்னும் கவனம். ம, க உள்ள வர்ற குட்டித் துண்டுகளைத் தனித்தனியா ஒட்டறீங்களா? வேண்டாம். வெட்டின ஷீட் மேல அகலமான டேப்பை ஒட்டி மொத்தமா தூக்கி வச்சீங்கன்னா எல்லாம் அதது இடத்துல இருக்கும், அப்புறம் டேப்பை மட்டும் உரிச்சிடுங்க.

பெகு தம்பி:
அக்கா, இவ்வளவு சிரமம் எதுக்கு? கெமிக்கல் கடையில கண்ணாடி ஆசிட்னு கேட்டா கொடுப்பாங்க. க்ரீம் விலைக்கு எத்தனையோ மடங்கு வாங்கலாம். தண்ணி கலந்து தடவுங்க, நொடியில வேலை முடியும்.

மருந்துக்கடை அண்ணன்:
தம்பி, நீ நல்ல மனசோட சொல்றே, ஆனா இதை வீட்டுல செய்யச் சொல்லாதே. அது ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். தண்ணி கலந்தது மேல பட்டா உடனே எரியக்கூட எரியாது. சில மணி நேரம் கழிச்சுத்தான் வலி ஆரம்பிக்கும். அதுக்குள்ள தோலைத் தாண்டி உள்ளே போய் உடம்பில இருக்கிற கால்சியத்தைப் பிடிச்சுக்கும், எலும்பு வரைக்கும் போகும். அதிகம் பட்டா இதயத் துடிப்பே தடுமாறும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவணும், அது எத்தனை வீட்டுல இருக்கு?

தங்கச்சி, உங்க க்ரீமும் அதே குடும்பம்தான், அமோனியம் பைஃப்ளூரைடு மாதிரி உப்பு. பதம் குறைவு, அவ்வளவே. நைட்ரைல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, திறந்த ஜன்னல், பக்கத்துல பிள்ளைங்க இல்லாம. மேல பட்டா வலிக்கலையேன்னு விட்டுடாம உடனே ஓடுற தண்ணில நல்லா கழுவி, புட்டியையும் கையில எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. பீங்கான் வாஷ்பேசின்ல கழுவாதீங்க, பளபளப்பு போயிடும். பிளாஸ்டிக் வாளிதான்.

அச்சுக்கடைக்காரன்:
மக் பற்றி யாரும் பேசவில்லையே. பீங்கான் மேலே இருக்கும் மெருகும் ஒருவகைக் கண்ணாடிதான், ஆனால் எல்லா மெருகிலும் க்ரீம் ஒரே மாதிரி ஏறாது. ஏறினாலும் வெள்ளை மேல் மங்கல் வெள்ளை, யார் கண்ணுக்குத் தெரியும்? கருநீலம், கறுப்பு மக் என்றால் அடியில் ஒரு சொட்டு வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

வைர முனை போட்ட சின்ன மோட்டாரால் கீறலாம். தண்ணீர் சொட்டு விட்டுக்கொண்டே, முகக்கவசத்தோடு. அதே முனையை டெம்பர் செய்த (சூடேற்றி உறுதியாக்கிய) டம்ளரில் வைத்துவிடாதீர்கள், மொத்தமாகச் சிதறும். உங்களுக்கு 6 மக்தானே? சூடு வைத்து அச்சிடும் கடையில் கொடுத்துவிடுங்கள். 180 முதல் 200 டிகிரி சூட்டில் மை இறங்கும். ஆனால் அதற்கென்று பூச்சு பூசிய மக் வேண்டும், நீங்கள் வாங்கிய சாதா மக்கில் நிற்காது.

ரங்கூன்காரி:
எல்லாருக்கும் நன்றி. அப்போ பூச்சு பூசிய மக்காகவே கடையில் அச்சடித்து வாங்கிவிடுகிறேன். ஒரே ஒரு கேள்வி. டம்ளரில் கைப்பழக்கம் வருவதற்கு மாமியாரின் பழைய நாகர் கண்ணாடி டம்ளர் இரண்டில் முதலில் முயன்று பார்க்கலாமா?

மோல்மேன் பெரியவர்:
அம்மா, அதைத் தொடாதே! ரங்கூன் நாகர் பட்டறையில் ஊதிச் செய்த கண்ணாடி அது. பட்டறையை 2008 மே மாதம் நர்கிஸ் புயல் சாய்த்துவிட்டது. மரத்தடியில் சருகுக்குள் கிடந்த கண்ணாடிகளைத் தோண்டி எடுத்துத்தான் பிறகு விற்றார்கள். உடைந்தால் யாரிடம் போய்க் கேட்பாய்? காலி ஜாம் பாட்டிலில் பழகு.

ரங்கூன்காரி:
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். பெரியவர் சொன்னபடி 3 ஜாம் பாட்டில், பிறகு டம்ளர். ஸ்பிரிட், நகம், ஊத்தப்ப கனம், 5 நிமிடம், அத்தனையும் செய்தேன். காய்ந்ததும் உரித்தால் பால் மாதிரி வெள்ளை! 20-ல் 18 தேறியது. ஒன்றில் கரண்ட் போய் இருட்டில் கழுவும்போது ஸ்டிக்கர் நகர்ந்துவிட்டது. இன்னொன்றில் மறுபடியும் கடைசி ம்-க்குப் புள்ளி இல்லை, அதை நாத்தனார் எடுத்துக்கொண்டு இப்போது அதில்தான் டீ குடிக்கிறார். குறைந்த 6 டம்ளர் கடையில் கிடைத்துவிட்டது. புட்டியில் கால்வாசி மிச்சம், அதற்குள் முடித்துவிடுவேன்.