கூர்ப்பும் ஆதாமும்: பட்டதாரிகள் கூட்டத்தை எதிலிருந்து தொடங்குவது?

தலவாக்கலை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பும் என் தலையில்தான். ஆக, வெள்ளிக்கிழமை கூர்ப்பு, அதாவது உயிரினங்களின் பரிணாமம், படித்த அதே பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை கடவுள் ஆதாமைப் படைத்ததைச் சொல்லும் விவிலியத் தொடக்கநூல் வாசிக்கிறேன். போன மாதம் ஒரு பையன் எழுந்து நின்று, "டீச்சர், பரீட்சையில் எதை எழுதுவது என்று தெரியும். செபத்தில் எதைச் சொல்வது?" என்று கேட்டான். முகத்தில் கேலியே இல்லை.

எங்கள் பங்குத்தந்தைக்கும் இந்தக் கவலை இருக்கிறது போலும். பட்டம் பெற்ற இளைஞர்கள் மாதம் ஒருமுறை கூடி விசுவாசம், கல்வி, நவீன பண்பாடு பற்றிப் பேச வேண்டும் என்கிறார். பேராதனையில் படித்தவர்கள், மட்டக்களப்பில் படித்தவர்கள், வெளிவாரியாக முடித்தவர்கள் என்று ஏழெட்டுப் பேர் தேறுவோம். முதல் கூட்டத்தில் ஒருவர் சமூக ஊடகங்களைத் திட்டினார். இன்னொருவர் மேற்கத்திய நாகரிகத்தைத் திட்டினார். பிறகு பிஸ்கட்டும் பிளேன்டீயும் வந்தன. அத்தனை பேரும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். ஒருவரும் தன் வீட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அடுத்த கூட்டத்தை நான் நடத்த வேண்டும். நம்பிக்கையையும் பகுத்தறிவையும் பற்றித் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1998இல் எழுதிய சுற்றுமடலைப் புரட்டினேன். நல்ல நூல்தான், ஆனால் மெய்யியல் படித்தவர்களுக்கு. அதை வாசிக்கக் கொடுத்தால் மூன்றாவது கூட்டத்திற்கு நானும் பங்குச் சுவாமியும் மட்டும்தான் இருப்போம். வேறு எதைக் கொடுக்கலாம்?

பேராதனை மாணவன்:

டீச்சர், அந்தப் பையனின் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். மனித உடலின் தோற்றத்தைக் கூர்ப்பின் வழியில் ஆராயத் தடையில்லை என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950இலேயே எழுதிவிட்டார். கூர்ப்பு வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996இல் இரண்டாம் யோவான் பவுல் சொன்னார். பட்டாணிச் செடியை வைத்துப் பரம்பரையியலைத் தொடங்கிவைத்த மெண்டலே அகுஸ்தீன் சபைத் துறவிதானே.

எனக்குப் பிடித்தவர் பெல்ஜியக் குருவான ஜோர்ஜ் லெமெத்ர். அண்டம் ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்ற கருத்தை 1931இல் முன்வைத்தவர். 1951இல் பயஸ் அந்த வானியலைப் படைப்புக்குச் சான்றுபோல எடுத்துப் பேசியபோது மகிழ வேண்டியவர் அவர்தான். அவரோ சங்கடப்பட்டார். தன் கோட்பாடு சமயக் கேள்விக்கு வெளியே நிற்கிறது என்பது அவருடைய நிலை. குருவாக இருந்துகொண்டு அப்படிச் சொல்ல எவ்வளவு தெளிவு வேண்டும்! நம்மவர்கள் வாட்ஸ்அப்பில் "விஞ்ஞானம் வேதத்தை நிரூபித்தது" என்று அனுப்பும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது. பையனிடம், கூர்ப்புக்கும் சேர்த்தே கடவுளுக்கு நன்றி சொல்லச் சொல்லுங்கள். பாவமில்லை.

கொழும்பில் வாடகைக்கு:

லெமெத்ரைத் தெரியாததால் யாரும் கோயிலை விட்டுப் போகவில்லை, தம்பி. நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தியதற்கும் டார்வினுக்கும் சம்பந்தமில்லை. சொன்ன கிலோவுக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்காத நாளில் அம்மாவுக்கு அரைப்பேர்தான், பாதி நாட்கூலிதான், விழும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசைப் பார்த்துவிட்டு வந்து, அன்றிரவு செபமாலையை அழுதுகொண்டே சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை போனால், பிள்ளைகள் கைத்தொலைபேசி பார்ப்பதைப் பற்றி மறையுரை. தோட்டத் தொழிலாளர் கேட்ட ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தைப் பற்றி மலையகமே பேசிக்கொண்டிருந்த நாட்களில்கூட எங்கள் கோயிலில் அதற்கென்று ஒரு மன்றாட்டு வைக்கவில்லை.

படித்தவர்களுக்குத்தான் விசுவாசத்தில் சந்தேகம் வரும் என்று யார் சொன்னது? என்னைவிடப் பெரிய சந்தேகங்கள் அம்மாவுக்கு உண்டு. கடவுளிடமே நேரடியாகச் சண்டை போடுகிறவர். அவரை எந்தக் கூட்டத்திற்கும் யாரும் கூப்பிட்டதில்லை.

கண்டி அக்கா:

தம்பி சொல்வது சுடுகிறது, ஆனால் சரி. ஒன்று மட்டும் சொல்கிறேன்: திருச்சபை இதைப் பற்றி எழுதாமல் இல்லை. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் தொழிலாளரைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். இரு தரப்பும் ஒப்புக்கொண்டதால் மட்டும் ஒரு கூலி நியாயமாகிவிடாது, சிக்கனமாக வாழும் தொழிலாளி பிழைக்க அது போதுமானதாக இருக்க வேண்டும் என்கிறார். சங்கம் சேரும் உரிமையையும் ஏற்கிறார். கோப்பி அழிந்து, நம் பூட்டன் பூட்டிகள் இந்த மலைகளில் தேயிலை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதே லியோதான் 1893இல் கண்டி அம்பிட்டியவில் குருமடம் தொடங்கியவர். சுற்றுமடலை எழுதியவரின் குருமடம் கண்டியிலேயே இருந்தது. அந்த எழுத்து அங்கிருந்து லயத்துக்கு எவ்வளவு வந்தது என்பதை உங்கள் கூட்டத்தில் கேளுங்கள். கண்டியில் சத்யோதய நிலையத்தை நடத்திய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் போன்றவர்கள் தோட்டத் தொழிலாளருக்காகப் பேசியது நினைவிருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் குறைவு. 2025இல் பொறுப்பேற்ற திருத்தந்தை லியோ என்ற பெயரை எடுத்ததற்கும் அந்தச் சுற்றுமடலையே காரணமாகச் சொன்னார். செயற்கை நுண்ணறிவு வேலைகளை என்ன செய்யும் என்பது அவர் கவலை.

டீச்சர், யாராவது ஒருவர் வீட்டுச் சம்பளத் துண்டைக் கொண்டுவரட்டும். பெயரை மறைத்துவிடுங்கள். சேமலாப நிதி, சங்கச் சந்தா, முற்பணம், தேயிலைத்தூள் என்று கழிவுகளை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசியுங்கள். அதன்பிறகு சுற்றுமடலில் கூலி பற்றிய பகுதி. அம்மாக்களையும் கூப்பிடுங்கள். ஆனால் திருப்பலி முடிந்த கையோடு வேண்டாம். துணி துவைக்கவும் விறகு எடுக்கவும் அவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் இருக்கிறது.

தலவாக்கலை டீச்சர்:

நன்றி அக்கா. அம்மாவிடம் துண்டைக் கேட்டேன். எதற்கு என்றார். விளக்கினேன். "பாப்பரசருக்கு எங்கள் துண்டு வாசிக்க விளங்குமா?" என்று கேட்டுக்கொண்டே பால்மா டின்னுக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். பெயரை மறைக்க வேண்டாமாம். அந்தப் பையனையும் கூப்பிடுகிறேன். அவனுடைய அம்மாவும் கொழுந்து எடுக்கிறவர்தான். லெமெத்ர் கதையை அவனுக்காக வைத்திருக்கிறேன்.

கொழும்பில் வாடகைக்கு:

வாசித்த பிறகு என்ன செய்வதாக உத்தேசம்? அதையும் எழுதுங்கள்.

தலவாக்கலை டீச்சர்:

அதை அம்மாக்கள் வந்த பிறகு அவர்களோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். கூட்டம் பின்னேரம் நாலு மணிக்கு. அந்தச் சுற்றுமடல் தமிழில் யாரிடமாவது இருந்தால் கூலி பற்றிய பக்கங்களை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள். பிரதி எடுக்கும் கடையைச் சனிக்கிழமை மத்தியானமே பூட்டிவிடுவார்கள்.